கொடி வந்தாத்தான்

தமிழ்வாணி: அண்ணே, ஆரன அடிக்காதீங்க. நீங்க அடிச்சா பாலம் ஒதுங்கியா நிக்கப் போகுது?

உக்கிரபாண்டி: நான் எங்கம்மா அடிச்சேன்? பின்னால நிக்கிற பஸ்காரன் அடிக்கிறான்.

முத்துச்செல்வி: அவன் அடிச்சா நீயும் அடி பாண்டி! நல்ல காரியத்துக்குப் போற காரை இப்படி வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கா, நீ வாயப் பாத்துக்கிட்டு இருக்க. ஏ புள்ள, எதுக்க ஒரு வண்டியக் காணோமே. காலியாத்தானே கெடக்கு பாலம்? அந்தத் தடுப்பத் தள்ளு.

தமிழ்வாணி: காலி மாதிரிதான் தெரியும்மா. அந்தா, நடுவுல தார் சொரண்டுற மிஷின் நிக்குது பாருங்க. அதுக்கு அங்கிட்டு என்ன வருதுன்னு இங்கருந்து தெரியாது. கொடி வந்தாத்தான் விட முடியும்.

முத்துச்செல்வி: என்ன கொடி? எலெக்சனா நடக்குது?

தமிழ்வாணி: பச்சைக் கொடிம்மா. பாதிப் பாலத்தப் பேத்துப் போட்டிருக்கு. மிச்சம் பாதியில ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். பரவைப் பக்கம் சின்னக்கருப்பண்ணன் நிக்கிறாரு, இங்கிட்டு நான். அவரு விடுற கடைசி வண்டிக்காரர் கையில கொடியக் குடுத்து விடுவாரு. கொடி எங் கைக்கு வந்தா நான் உங்கள விடுவேன். எங் கடைசி வண்டியில கொடி திரும்ப அங்கிட்டுப் போகும். அம்புட்டுதான்.

உக்கிரபாண்டி: ஒரே கொடியா?

தமிழ்வாணி: ஒரே கொடிதான். ரெண்டு இருந்தா ரெண்டு பக்கமும் 'எங்கிட்ட இருக்கு'ன்னு கெளம்பிருவாங்கல்ல.

உக்கிரபாண்டி: அதுக்கு ஒரு போன் அடிச்சாப் போதாதா?

தமிழ்வாணி: மொதல்ல போன்லதான் ஓட்டுனோம். 'கடைசி வண்டிய விட்டுட்டேன்'னு அண்ணன் சொன்னாரு. அவரு போன சட்டைப்பையில போடுறதுக்குள்ள ஒரு வைக்கோல் டிராக்டர் உள்ள பூந்துருச்சு. நடுப்பாலத்துல இங்கிட்டு பஸ்சு, அங்கிட்டு வைக்கோலு. 'நீ பின்னால போ', 'நீ போ'ன்னு மல்லுக்கட்டு. பொழுது சாயிற வரைக்கும் அங்கனயே கெடந்தாங்க. அன்னைக்கே ஆலன் சார்… அவருதான் சைட் இன்ஜினியரு… கொடி இல்லாம ஈ, எறும்பு போகக் கூடாதுன்னுட்டாரு.

முத்துச்செல்வி: சரி, அப்ப கொடி எங்க?

தமிழ்வாணி: அதத்தாம்மா நானும் தேடுறேன். இந்நேரத்துக்கு வந்திருக்கணும்.

உக்கிரபாண்டி: கடைசியா ஒரு லாரி போச்சே? காலிக் கூடையா அடுக்கிக்கிட்டு…

தமிழ்வாணி: பரவை மார்க்கெட்டு லாரி. அதுலதான் குடுத்து விட்டிருக்கணும். அந்த நேரம் பாத்து ஷேர் ஆட்டோக்காரன் வரிசைய மீறி மூக்க நீட்டிட்டான். அவனப் பின்னால தள்ளத்தானே போனோம், நீங்ககூட எறங்கி வந்து தள்ளுனீங்களேண்ணே. திரும்பிப் பாத்தா லாரி போயிருச்சு. ஏம்மா, நீங்க கார்லதானே இருந்தீங்க? லாரிக்காரன் எதுவும் சொன்னானா?

முத்துச்செல்வி: கைய நீட்டி என்னமோ ஆட்டிக்கிட்டே போனான். நான் என்னத்தக் கண்டேன்? மடியில தாம்பூலத் தட்ட வச்சுக்கிட்டு, ராகு காலம் வந்துருமேன்னு எனக்கு ஈரக்கொல நடுங்குது.

தமிழ்வாணி: ஒரு நிமிசம்… அண்ணே, சின்னக்கருப்பண்ணே! கொடி வரலையே… லாரியிலயா… நெசமாவா? எங் கைக்கு வரலண்ணே. அவன் தேனி ரோட்டுல போயிட்டான்… சரி சரி, நீங்களும் விட்டுறாதீங்க. நான் சார்கிட்ட பேசுறேன்.

உக்கிரபாண்டி: என்னவாம்?

தமிழ்வாணி: லாரியில குடுத்தது குடுத்ததுதானாம். கொடியோட தேனிக்குப் போயிட்டான் போல. போற போக்குல மறந்திருப்பான்.

முத்துச்செல்வி: நல்லா இருக்குய்யா ஒங்க வேல! ஒரு பாலத்த ஒட்டுப்போட ஆறு மாசம். அதுக்கு ஒரு கொடி, அதுக்கு ஒரு லாரி. பாண்டி, நீ ஆம்பளதானே, இறங்கி நாலு வார்த்த கேளேன்.

உக்கிரபாண்டி: கேட்டுக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்.

முத்துச்செல்வி: இதுக்குப் பேரு கேக்குறதா? கோயில்ல தீர்த்தம் கேக்குற மாதிரி கேக்குற.

தமிழ்வாணி: அம்மா, இது ஒட்டு இல்ல. முன்னால ரோடு போட வந்தவங்க ஒவ்வொருத்தரும் பழைய தார் மேலயே புதுத் தாரப் போட்டு, போட்டு, பாலத்துக்குத் தார் கனமே தாங்க முடியல. இப்பத்தான் அம்புட்டையும் சொரண்டி எடுக்குறோம். உள்ள என்ன ஒடஞ்சிருக்குன்னு இனிமேத்தான் தெரியும்.

முத்துச்செல்வி: சொரண்டுங்க, சொரண்டுங்க. எங்க புள்ள கல்யாணத்தையும் சேத்துச் சொரண்டுங்க.

தமிழ்வாணி: கல்யாணமா? இன்னைக்கா?

முத்துச்செல்வி: கல்யாணம் இல்ல தாயி, கை நனைக்கப் போறோம். என் தம்பி மக பவதாரிணிக்கு. மாப்பிள்ளை வீடு சமயநல்லூர் தாண்டி. எங்க வீட்டுக்காரருக்குச் சொந்தம், நான் கொண்டாந்த சம்மந்தம். வீடு பாத்தாச்சு, பேசியாச்சு. இன்னைக்குப் பொண்ணோட அப்பனும் அத்தையும் அங்க எலையில கை வச்சுட்டா உறுதி. வைக்கலன்னா…

தமிழ்வாணி: வைக்கலன்னா?

உக்கிரபாண்டி: இல்லைன்னு அர்த்தம். நாளைக்கு ஆடி பொறக்குது. மாப்பிள்ளை துபாய்க்குப் போறாரு. அவுக வீட்டுல நேரம் காலம் ரொம்பப் பாப்பாக. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கை நனைச்சாத்தான். இல்லன்னா அவனியாபுரத்துல வேற ஒரு பொண்ணு வீடு கேட்டுக்கிட்டே இருக்காகளாம்.

தமிழ்வாணி: ஆத்தி! அப்ப ஏண்ணே இந்த வழியா வந்தீங்க? ஆரப்பாளையம் சுத்திப் போயிருந்தா இந்நேரம் எலையில உக்காந்திருக்கலாமே.

முத்துச்செல்வி: அப்படிக் கேளு! எங்க பங்காளிக வேன் அப்படித்தான் போச்சு. அம்புட்டுப் பேரும் அங்க எலையப் போட்டு உக்காந்துட்டாங்களாம். நாங்க போய்க் கை வைக்காம யாரும் சாப்புட முடியாது. பாயாசத்துல ஈ விழுதுன்னு போன் மேல போன்.

உக்கிரபாண்டி: பாலத்து வழி கிட்டம்னு நீயும்தானேக்கா சொன்ன?

முத்துச்செல்வி: நீ ஓட்டுற, நான் சொன்னேன். ஓட்டுறவனுக்குத் தெரிய வேணாம்?

தமிழ்வாணி: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. காரைத் திருப்புங்க. விரட்டிப் போனா பத்தரைக்குள்ள போயிரலாம்.

முத்துச்செல்வி: ஏ, வாயக் கழுவு! தாம்பூலத் தட்டோட கெளம்புன வண்டிய நடுவழியில திருப்புறதாவது! சகுனத்தடை. வாழப் போற புள்ளைக்கு ஆகுமா?

உக்கிரபாண்டி: ஆமாம்மா… அதெல்லாம் திருப்பக் கூடாது. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

தமிழ்வாணி: உங்க இஷ்டம். நான் சாருக்குப் போடுறேன்.

உக்கிரபாண்டி: அக்கா, தட்டக் குடு, பின்சீட்டுல வைக்கிறேன். எம்புட்டு நேரம் மடியிலயே வச்சிருப்ப?

முத்துச்செல்வி: வேணாம் வேணாம். மங்கலப் பொருளு. கண்ட எடத்துல வைக்கப் படாது.

உக்கிரபாண்டி: ஒரு பழமாச்சும் எடு. இந்தப் புள்ள காலையிலருந்து வெயில்ல நிக்குது, குடுப்போம்.

முத்துச்செல்வி: சம்மந்தி வீட்டுக்குப் போற தட்டுல கை வைக்கச் சொல்றியா? துணியத் தொடாத பாண்டி… தொடாதன்னா!

உக்கிரபாண்டி: சரி சரி. தொடல.

முத்துச்செல்வி: மடக்கியே உக்காந்து முட்டி இறுகிப் போச்சு. 'அத்தை, ஒரே எடத்துல உக்காராதீங்க, எந்திரிச்சு நடங்க'ன்னு பவதாரிணி சொல்லிக்கிட்டே இருப்பா. வரிசையில பின்னால ஆம்புலன்சு எதுவும் நிக்குதான்னு பாத்துட்டு வாரேன்.

உக்கிரபாண்டி: ஆம்புலன்சு நின்னா நமக்கென்னக்கா?

முத்துச்செல்வி: நின்னா பாவமில்லையா? பாத்துட்டு வாரேன்.

தமிழ்வாணி: அண்ணே, அம்மா தட்டோடயே நடக்குறாங்க…

உக்கிரபாண்டி: அது அப்படித்தான். முட்டி வலியில படுத்த படுக்கையா கெடந்துச்சு, என் மகதான் நடக்க வச்சா. பிசியோதெரபி படிச்சிருக்கா. சாருகிட்ட பேசுனியாம்மா?

தமிழ்வாணி: பேசிட்டேண்ணே. நல்ல சேதிதான். 'சின்னக்கருப்பன அங்கிருந்து நடந்து வரச் சொல்லு, நீ இங்கருந்து நட. ரெண்டு பேரும் பாலத்தக் கண்ணால பாத்துட்டு உன் பக்கத்து வண்டிய விடு'ன்னாரு. நான் வெரசா போயிட்டு வந்துருவேன். கவலப்படாதீங்க, பத்தரைக்குள்ள உங்க எலையில நீங்க உக்காந்துருவீங்க.

உக்கிரபாண்டி: வெரசாவா…

தமிழ்வாணி: ஓடியே போயிருவேண்ணே.

உக்கிரபாண்டி: இந்தாம்மா… உன் பேரென்ன?

தமிழ்வாணி: தமிழ்வாணி.

உக்கிரபாண்டி: தமிழ்வாணி, உனக்குப் புண்ணியமாப் போகும். ஓடாத.

தமிழ்வாணி: என்னண்ணே?

உக்கிரபாண்டி: மெதுவா நட. அம்புட்டுதான் கேக்குறேன். வெயிலா இருக்கு… நின்னு, இளைப்பாறி… அந்த மிஷினுகிட்ட ரெண்டு பேச்சுப் பேசி…

தமிழ்வாணி: நீங்கதானே அவசரம்னீங்க?

உக்கிரபாண்டி: அவசரம் அக்காவுக்கு. எனக்கு இல்ல. பைய பேசு, கேட்டுறப் போகுது.

தமிழ்வாணி: மாப்பிள்ளை சரியில்லையா? குடிப்பாரா?

உக்கிரபாண்டி: குடிச்சாலும் வெளியில தெரிஞ்சிரும்மா. இது அப்படி இல்ல. வீடு பாக்கப் போனோம்ல, மாப்பிள்ளையோட அப்பா வீட்டச் சுத்திக் காட்டுனாரு. கேட்டுல கேமரா, மாட்டுக் கொட்டாயில கேமரா. சரி, களவாணிப் பயத்துக்குன்னு நெனச்சேன். அடுப்படியிலயும் ஒண்ணு.

தமிழ்வாணி: அடுப்படியிலயா? அங்க என்னத்தக் களவாடுறது?

உக்கிரபாண்டி: அதையே நானும் கேட்டேன். பெருமையாச் சிரிக்கிறாரு மனுசன். போனத் தொறந்து எங்கிட்ட நீட்டுனாரு. 'மூத்த மருமக எப்ப அடுப்பப் பத்த வைக்கிறா, எப்ப உக்காருறா, யாருகூடப் பேசுறா, நான் வயல்ல இருந்தே பாத்துக்கிருவேன். இளையவ வந்தாலும் ஒரு பயமில்ல'ங்கிறாரு. எம் மக வேலையையும் விட்டுறணுமாம். 'அடுத்தவன் காலப் புடிக்கிற சோலி எங்க குடும்பத்துக்கு வேணாம்'னாரு.

தமிழ்வாணி: நீங்க என்ன சொன்னீங்க?

உக்கிரபாண்டி: நான் என்னத்தச் சொல்ல… சிரிச்சேன்.

தமிழ்வாணி: சிரிச்சீங்களா!

உக்கிரபாண்டி: சபை கூடியிருக்கு. பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க. 'என்ன பாண்டி, சரிதானே?'ன்னு கேட்டாங்க. சரின்னுட்டேன். அது அக்கா கொண்டாந்த சம்மந்தம்மா. நான் வேணாம்னா, 'உன் தம்பி எங்க சொந்தத்த மதிக்கல'ன்னு அக்காவ அவுக வீட்டுல காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்க. புருசன் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல அதுக்கு மரியாதைன்னு மிச்சம் இருக்கறதே கொஞ்சந்தான்.

தமிழ்வாணி: அம்மாகிட்டயாச்சும் தனியாச் சொல்லலாம்ல?

உக்கிரபாண்டி: அதுக்கு ரொம்பப் புடிச்சிருக்கே இந்த எடம்! காலையில எனக்கு முன்னால பட்டுச்சேலையக் கட்டி ரெடியா நிக்குது. அன்னைக்கு அந்த வீட்டு அடுப்படியில அக்கா நின்னதையும் நான் அந்தப் போன்லதான் பாத்தேன். மூத்த மருமக முதுகக் காட்டிக்கிட்டு நின்னு, அக்கா காதுல என்னமோ சொன்னா. படம் மட்டுந்தான், சத்தம் வரல. வெளிய வந்தப்புறம் என்னக்கான்னு கேட்டேன். 'காப்பிக்குச் சீனி போதுமான்னு கேட்டா'ன்னுச்சு. அம்புட்டு உபசாரம், அக்காவுக்குப் பூரிச்சுப் போச்சு.

தமிழ்வாணி: உங்க மக என்ன சொல்லுது?

உக்கிரபாண்டி: 'அத்தை சரின்னா எனக்குச் சரி'ங்குது. அது தலையெழுத்து.

தமிழ்வாணி: தலையெழுத்து இல்லண்ணே. வாயத் தொறந்து ஒரு வார்த்த 'வேணாம்'னு சொல்ல மாட்டாம, பாலத்து மேல பழியப் போட வந்திருக்கீங்க. வேல நடக்குதுன்னு தெரிஞ்சேதானே வந்தீங்க?

உக்கிரபாண்டி: தெரியும். பேப்பர்ல போட்டிருந்தான். ஆனா இந்தக் கொடி சங்கதி தெரியாதும்மா. அது எங்க கொலசாமி கருப்பசாமி செஞ்ச வேல. பாலம் நிப்பாட்டுச்சுன்னா, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல…

தமிழ்வாணி: பின்னால நிக்கிற அம்புட்டுப் பேரும் என்னையச் சொல்லுவாங்கண்ணே!

உக்கிரபாண்டி: எம் மகளுக்காகக் கேக்குறேன் தாயி. கால்ல வேணும்னாலும்…

தமிழ்வாணி: அய்யோ, எந்திரிங்க. அம்மா வாராங்க. நான் நடக்குறேன். எனக்கு என்ன, கால் வலிக்கிறப்ப மெதுவாத்தான் நடக்க முடியும்.

முத்துச்செல்வி: ஆம்புலன்சு ஒண்ணும் இல்ல. பள்ளிக்கொடத்துப் பஸ்சும் இல்ல. பஸ்ல இருந்தவங்க இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க போறா அவ?

உக்கிரபாண்டி: பாலத்த நடந்து பாத்துட்டு வண்டிய விடப் போகுதாம். இப்ப வந்துரும்.

முத்துச்செல்வி: இப்பவா? கொடி இல்லாமயா?

உக்கிரபாண்டி: இன்ஜினியரு சொல்லிட்டாராம்.

முத்துச்செல்வி: அது எப்படி? கொடி இல்லாம விட்டா எதுக்க எவனாச்சும் வந்து மோதுனா? நான் இருக்கற வண்டிய நான் விட மாட்டேன். சட்டம்னா சட்டம்.

உக்கிரபாண்டி: சித்த முன்னாலதானே தடுப்பத் தள்ளச் சொன்ன?

முத்துச்செல்வி: அது அப்ப. என்ன இந்தப் புள்ள இப்படி ஆடி அசைஞ்சு நடக்குது! தேர் கூட இதவிட வெரசா போகும்.

உக்கிரபாண்டி: கால் வலியாம்.

முத்துச்செல்வி: பாவம். நடக்கட்டும், நடக்கட்டும்… போன் அடிக்குது பாரு. மாப்பிள்ளையோட அப்பாதான். உஸ்… சொல்லுங்கண்ணே! ஆமாண்ணே, பாலத்துலயேதான் நிக்கிறோம்… அய்யோ, எனக்கு வயிறு எரியுது அண்ணே… என்னது? நடந்தா? அங்கிட்டு கார் அனுப்புறீங்களா? …ஒரு நிமிசம் இருங்க. பாண்டி, நம்மள பாலத்த நடந்து வரச் சொல்றாங்க. அந்தக் கரையில கார் வந்து நிக்குமாம்.

உக்கிரபாண்டி: நடந்தா? உன் முட்டியோடயா?

முத்துச்செல்வி: அதானே! என் முட்டி!

உக்கிரபாண்டி: பட்டுச்சேலையும் தட்டுமா, பஸ்சுல வந்த கூட்டத்தோட கூட்டமா நடந்து போனா பொண்ணு வீட்டுக்காரங்கன்னு ஒரு மதிப்பு இருக்குமாக்கா?

முத்துச்செல்வி: சரியாச் சொன்ன. …அண்ணே, தம்பி கௌரவம் பாக்குறான். ஆமா, அவன் அப்படித்தான், சின்னதுலருந்தே. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்… என்ன செய்யட்டும், கூடப் பொறந்தவனாப் போயிட்டான்.

உக்கிரபாண்டி: நானா? எப்பக்கா நீ சொன்ன? நான் எப்ப—

முத்துச்செல்வி: சும்மா இரு! …இல்லண்ணே, உங்கள இல்ல… பாத்துக்கிட்டே இருக்கோம், அந்தப் புள்ள அந்தா நடந்துக்கிட்டே இருக்கு… மணியா? அய்யய்யோ, பத்தரையா ஆயிருச்சு?

உக்கிரபாண்டி: ஆயிருச்சுக்கா.

முத்துச்செல்வி: அண்ணே… அண்ணே, கோவப்படாதீங்க. நாங்களா வேணும்னு செஞ்சோம்? கவர்மெண்டு பாலம்… ஆமா… ஆமாண்ணே, சாமிக்கே இஷ்டமில்ல போல… சரி. அவனியாபுரத்துக்காரங்களுக்கே சொல்லிருங்க. எங்க மேல வருத்தம் வேணாம்… வைக்கிறேன்.

உக்கிரபாண்டி: என்னவாம்?

முத்துச்செல்வி: முடிஞ்சு போச்சு. நேரம் தப்புன சம்மந்தம் வேணாம்னுட்டாரு. அவனியாபுரத்துக்கு ஆள் அனுப்பப் போறாராம்.

உக்கிரபாண்டி: நம்ம பங்காளிக?

முத்துச்செல்வி: எலையில தண்ணி தெளிச்சதோட எந்திரிச்சு வாராங்களாம். பசியில என்னைய ஏசிக்கிட்டே வருவாங்க.

உக்கிரபாண்டி: ம்… எம்புட்டு நல்ல எடம். போச்சு.

முத்துச்செல்வி: போச்சு. எம்புட்டு ஆசையா இருந்த நீ.

உக்கிரபாண்டி: நீதானேக்கா ஆசையா இருந்த.

முத்துச்செல்வி: நானா? …விடு. வரிசையில அம்புட்டுப் பேரு ஏசுறாங்க, அந்தப் புள்ளைய வெரசா வரச் சொல்லு.

உக்கிரபாண்டி: வந்துருச்சு.

தமிழ்வாணி: பாலம் காலிண்ணே. சின்னக்கருப்பண்ணனும் பாத்துட்டாரு. எடுங்க காரை, நீங்கதான் மொதல்ல… என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?

உக்கிரபாண்டி: நேரம் தாண்டிருச்சும்மா. அவுக வேணாம்னுட்டாங்க. காரைத் திருப்பிக்கிறோம்.

தமிழ்வாணி: திருப்புனா சகுனத்தடைன்னாங்களே அம்மா?

முத்துச்செல்வி: அது போறப்ப. காரியம் முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புறதுக்கு என்ன சகுனம்? இந்தா புள்ள, கைய நீட்டு.

தமிழ்வாணி: பழமெல்லாம் வேணாம்மா, நான் வேலையில… ஆத்தாடி! கொடி!

முத்துச்செல்வி: கத்தாத.

தமிழ்வாணி: வெத்தலைக்கு அடியிலயா வச்சிருந்தீங்க! எப்படிம்மா உங்ககிட்ட வந்துச்சு?

முத்துச்செல்வி: நீங்க ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோவத் தள்ளிக்கிட்டு இருந்தீங்கல்ல, லாரிக்காரப் பையன் கொடிய நீட்டுனான். 'குடு தம்பி, நான் குடுத்துர்றேன்'னு வாங்குனேன். குடுக்கத்தான் நெனச்சேன். கை வரல.

தமிழ்வாணி: கை வரலையா! எம் பொழப்பு என்னத்துக்கும்மா ஆகுறது? பாலத்துல ரெண்டு பக்கமும் ஊரே நிக்குது. ஒரு ஆம்புலன்சு வந்திருந்தா?

முத்துச்செல்வி: அதுக்குத்தானே நடந்து போய்ப் பாத்தேன். ஒண்ணு வந்திருந்தாலும் அந்த நிமிசமே எடுத்துக் குடுத்திருப்பேன். சத்தியமா. தப்புத்தான் தாயி. உங்க இன்ஜினியருகிட்ட எம் பேரைச் சொல்லு, நானே வந்து ஏச்சு வாங்கிக்கிறேன்.

தமிழ்வாணி: நல்ல குடும்பம் சாமி! தம்பி என்னைய மெதுவா நடக்கச் சொல்லிக் கால்ல விழப் பாக்குறாரு, அக்கா என்னடான்னா கொடியவே ஒளிச்சு வச்சுட்டு என்னைய ஏசுறாங்க. இதுக்கு ரெண்டு பேரும் வீட்டுலயே உக்காந்து பேசியிருக்கலாம்ல? ஓரம் கட்டுங்கண்ணே, பஸ்ச விடணும். ஏ ஷேர் ஆட்டோ, நீ கடைசி!

உக்கிரபாண்டி: இந்தா, ஓரம் கட்டிட்டேன்மா.

முத்துச்செல்வி: மெதுவா நடக்கச் சொன்னியா?

உக்கிரபாண்டி: கொடிய ஒளிச்சு வச்சியா?

முத்துச்செல்வி: நீ சபையில வாக்குக் குடுத்துட்ட பாண்டி. நான் வந்து வேணாம்னா, ஊர்க்காரன் உன்னைய ஒரு பேச்சுக்கு மதிப்பானா?

உக்கிரபாண்டி: நீ கொண்டாந்த சம்மந்தமாச்சேன்னுதான்க்கா வாக்கே குடுத்தேன்.

முத்துச்செல்வி: எங்கிட்ட 'அப்பா சரின்னா எனக்குச் சரி அத்தை'ன்னா பவதாரிணி.

உக்கிரபாண்டி: எங்கிட்ட 'அத்தை சரின்னா'ன்னுச்சு.

முத்துச்செல்வி: நம்ம வீட்டுப் புள்ளதான், சந்தேகமே இல்ல. பாலத்துல வேல நடக்குதுன்னு நீ பேப்பர்ல படிச்சதையும் நான் பாத்தேன். அதான் இந்த வழியே போவோம்னதும் சரின்னேன். நீ மறந்துட்டன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன்.

உக்கிரபாண்டி: அக்கா.

முத்துச்செல்வி: ம்.

உக்கிரபாண்டி: அன்னைக்கு அந்த அடுப்படியில… மூத்த மருமக உன் காதுல… சீனி போதுமான்னுதானே கேட்டா?

முத்துச்செல்வி: நான் காப்பியே குடிக்கலையே பாண்டி. கேமராவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, பாத்திரத்தக் கழுவுற மாதிரி நின்னு சொன்னா… 'பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வரணும்னு நான் தெனமும் சாமி கும்புடுறேன்மா. அப்படியும் சொல்றேன், உங்க புள்ளைய இங்க குடுத்துறாதீங்க'ன்னு.